விண்வெளியில் மாட்டிக்கொண்டால் யார் போய்க் கூட்டிவருவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலக மொட்டை மாடியில் மாதம் ஒருமுறை தொலைநோக்கி வைத்து வானம் காட்டுகிறேன். 2024 நடுவிலிருந்து அங்கே வருகிறவர்கள் சனியை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு (அந்த வருடம் வளையமும் மெலிந்து கோடு மாதிரிதான் தெரிந்தது), அரை மணி நேரம் சுனிதா வில்லியம்ஸைப் பற்றிக் கேட்பார்கள். பேச்சு அங்கிருந்து கல்பனா சாவ்லாவுக்குப் போகும். பிறகு யாராவது ஒருவர், சினிமாவில் கேப்டன் உத்தரவை மீறிக் கப்பலைத் திருப்பிக்கொண்டு போய்த் தன் ஆட்களைத் தூக்கிவருவாரே, நிஜத்தில் ஏன் அப்படி யாரும் செய்வதில்லை என்பார். திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே போட்டிருக்கிறேன்.

சுனிதா ஒன்பது மாசம் மேல மாட்டிக்கிட்டாங்களே, ஏன் உடனே ஒரு ராக்கெட்ட அனுப்பிக் கூட்டிட்டு வரல?

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூன் 5 அன்று நாசாவின் புட்ச் வில்மோரும் சுனிதா வில்லியம்ஸும் போயிங்கின் ஸ்டார்லைனர் கப்பலில் கிளம்பினார்கள். அந்தக் கப்பல் மனிதரை ஏற்றிப் பறந்தது அதுவே முதல் தடவை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் எட்டு நாள் போல இருந்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். வழியிலேயே ஹீலியம் கசிந்தது, கப்பலை நகர்த்தித் திருப்பும் த்ரஸ்டர்கள் (சின்னப் பொறிகள்) சில நின்றுபோயின. கோடை முழுக்கச் சோதித்துப் பார்த்த நாசா, ஆகஸ்ட் 24 அன்று, 'கப்பல் காலியாகத் திரும்பட்டும், இவர்கள் வேறு கப்பலில் வரட்டும்' என்று முடிவெடுத்தது. செப்டம்பர் 6 அன்று ஸ்டார்லைனர் ஆளில்லாமல் கிளம்பி, நல்லபடியாகவே தரையிறங்கியது.

அந்த மாதமே ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கப்பல் ஒன்று போனது. செப்டம்பர் 28 அன்று கிளம்பி மறுநாள் நிலையத்தில் சேர்ந்தது. நாலு இருக்கையில் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து போனார்கள்; மீதி இரண்டும் இவர்களுக்காகக் காலி. ஆக, வண்டி செப்டம்பரிலேயே வந்து வாசலில் நின்றுவிட்டது. அது வழக்கமான ஆறு மாதப் பணிக்குப் போன வண்டி என்பதால், அடுத்த குழு வந்து பொறுப்பேற்கும்வரை காத்திருந்தது. 2025 மார்ச் 14 அன்று அடுத்த குழு கிளம்பியது. 18 அன்று இவர்கள் புளோரிடா கடலோரம் வந்து இறங்கினார்கள். மொத்தம் 286 நாள்.

அப்போ 'மாட்டிக்கிட்டாங்க'ன்னு டிவியில சொன்னதெல்லாம் பொய்யா?

பொய் என்று சொல்ல மாட்டேன், ஊதிச் சொன்னது. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டுச் சித்தி வீட்டில் தங்குகிறவரை நாம் 'மாட்டிக்கொண்டார்' என்போமா? சாப்பாடு இருக்கிறது, வேலை இருக்கிறது, செப்டம்பரில் சுனிதா நிலையத்தின் கமாண்டராகவே பொறுப்பேற்றார். இதே மாதிரி 1991 மே மாதம் சோவியத்தின் மிர் விண்வெளி நிலையத்துக்குப் போன செர்கெய் கிரிகலோவ் 1992 மார்ச்சில்தான் திரும்பினார். அதற்குள் கீழே சோவியத் ஒன்றியமே இல்லாமல் போயிருந்தது. அவரையும் 'கைவிடப்பட்டவர்' என்று எழுதுகிறார்கள். ஆனால் மிர்ரில் எப்போதும் ஒரு சோயுஸ் கப்பல் கட்டிக் கிடந்தது. அவசரம் என்றால் ஏறி வந்திருக்கலாம்.

உண்மையில் வயிற்றைக் கலக்கும் காலம் என்று ஒன்று இருந்தது. ஸ்டார்லைனர் கிளம்பிய செப்டம்பர் 6 முதல் புது டிராகன் வந்த 29 வரை. அந்த மூன்று வாரத்தில் நிலையத்தைக் காலிசெய்ய நேர்ந்திருந்தால், ஏற்கெனவே நாலு பேருக்கு அளவெடுத்து நின்ற இன்னொரு டிராகனில், சரக்கு வைக்கும் இடத்தில் நுரைமெத்தையைப் போட்டு, அதில் இவர்கள் இருவரையும் பட்டையால் கட்டிக் கூட்டிவருவதாக ஏற்பாடு. இதைப் பற்றி டிவியில் யாரும் கத்தவில்லை.

அவங்களைக் கூட்டிட்டு வந்த கமாண்டர் யாரு? பேரே யாருக்கும் தெரியலையே?

நிக் ஹேக். கூட வந்தவர் ரஷ்யாவின் அலெக்சாண்டர் கோர்புனோவ். ஹேக் முதல்முறை விண்வெளிக்குக் கிளம்பியது 2018 அக்டோபர் 11 அன்று, சோயுஸ் எம்எஸ்-10இல். கிளம்பி இரண்டு நிமிடம் ஆனதும் ராக்கெட்டின் பக்கவாட்டுப் பகுதி ஒன்று சரியாகக் கழலாமல் நடுப்பகுதியில் இடித்தது. தப்பிக்கும் அமைப்பு கலத்தைப் பிய்த்து வெளியே எறிந்ததால் அவரும் கமாண்டர் ஒவ்சினினும் கஜகஸ்தான் புல்வெளியில் உயிரோடு இறங்கினார்கள். ராக்கெட் கைவிட்டால் எப்படி இருக்கும் என்று உடம்பால் தெரிந்த ஒருவர் கூட்டிவரப் போனார் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

இன்னும் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஜீனா கார்ட்மன், ஸ்டெஃபனி வில்சன். ஹேக் போன டிராகனின் நாலு இருக்கையில் இரண்டு முதலில் இவர்களுடையவை. கார்ட்மன்தான் அதன் கமாண்டராகவும் போக வேண்டியவர். பயிற்சியெல்லாம் முடித்து, கிளம்பச் சில வாரங்களே இருக்கும்போது இருவரும் இறங்கிக்கொண்டார்கள். அந்தக் காலி இருக்கை அப்படி வந்ததுதான்.

ரெண்டு பேர் தரையில உட்கார்ந்துக்கக் கூடாதா? பஸ்ஸுல நின்னுக்கிட்டு வர்றோமே?

இந்தக் கேள்வியைக் கேட்டது ஒன்பதாம் வகுப்புப் பையன். சிரித்தார்கள், ஆனால் விஷயமே இங்கேதான் இருக்கிறது. திரும்பி வரும்போது காற்றில் நுழையும் கலம் கடுமையாக வேகம் குறையும். சாதாரணமாக வந்தாலே உங்கள் எடை நாலு மடங்காகும். கோளாறாகிச் செங்குத்தாக விழுந்தால் எட்டு மடங்கைத் தாண்டும். மாதக்கணக்கில் எடையே இல்லாமல் மிதந்த முதுகெலும்பு அதைத் தாங்க, உடம்பு முழுக்க ஒட்டித் தாங்கும் இருக்கை வேண்டும். சோயுஸில் போகிறவரைப் பாரிஸ் சாந்துக் குழம்பில் படுக்கவைத்து அச்சு எடுத்து, அவருக்கென்றே ஓர் இருக்கை உறை வார்க்கிறார்கள். செருப்பை மாற்றிப் போடுவது மாதிரி அதை மாற்றிப் போட முடியாது.

2022 டிசம்பரில் நிலையத்தில் நின்ற சோயுஸ் எம்எஸ்-22இலிருந்து குளிரூட்டும் திரவம் முழுக்கக் கொட்டிப்போனது. அவசரத்துக்கு அதில் மூன்று பேர் வந்தால் உள்ளே சூடு தாங்காது என்று பயம். என்ன செய்தார்கள் தெரியுமா? அமெரிக்கர் ஃபிராங்க் ரூபியோவின் இருக்கை உறையை மட்டும் கழற்றி, பக்கத்தில் நின்ற டிராகனுக்குள் கொண்டுபோய்க் கட்டிவைத்தார்கள். ஓர் ஆள் குறைந்தால் சோயுஸுக்குள் அந்த அளவுக்குச் சூடும் குறையும். ஓர் உறையை இந்த வாசலிலிருந்து அந்த வாசலுக்கு நகர்த்தியதுதான் அன்றைக்கு நடந்த மீட்பு நடவடிக்கை.

போற வழியில வில்மோர் உயிரைப் பணயம் வெச்சுக் கப்பலை ஓட்டினாராமே, நிஜமா?

நிஜம். படத்தில் வரும் கமாண்டருக்கு நான் அறிந்து மிக அருகில் வரும் காட்சி அதுதான். 2024 ஜூன் 6 அன்று நிலையத்தை நெருங்கும்போது த்ரஸ்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கப்பலின் பின்பகுதியில் இப்படிப்பட்ட சின்ன த்ரஸ்டர்கள் 28. நாலாவது நின்றதும், முன்பின், மேல்கீழ், இடவலம் என்று எல்லாத் திசையிலும் கப்பலை நகர்த்தும் முழுப் பிடி போய்விட்டது. விதிப்படி அந்நேரம் நிலையத்தை விட்டு விலகிப் போக வேண்டும். ஆனால் விலகிப்போய்ப் பூமிக்கு இறங்கவும் அதே த்ரஸ்டர்கள்தானே வேண்டும்? வரவும் முடியாமல் போகவும் முடியாமல் நிலையத்துக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது கப்பல். அப்போது பூமிக்குத் திரும்ப முடியுமா என்றே தனக்கு உறுதியில்லை என்று வில்மோர் பின்னாளில் பேட்டியில் சொன்னார்.

தரைக் கட்டுப்பாட்டு அறை விதியைத் தளர்த்தியது. வில்மோர் கையால் பிடித்து ஓட்டினார். பிறகு கீழிருந்து, 'கட்டுப்பாட்டிலிருந்து கையை எடுங்கள், த்ரஸ்டர்களை அணைத்துப் போட்டுப் பார்க்கிறோம்' என்றார்கள். எடுத்தார். இரண்டு உயிர்பெற்றன. நம் வீட்டு மோடத்துக்குச் செய்கிற அதே வைத்தியம்! ஐந்தாவது ஒன்று நிற்க, மறுபடியும் அதே வைத்தியம். முடிவில் ஐந்தில் நாலு மீண்டு, தானியங்கியே கொண்டுபோய் இணைத்தது. கையைப் பிடித்து ஓட்டியதைவிட, அந்தச் சமயத்தில் கையை எடுத்ததற்குத்தான் நெஞ்சுரம் அதிகம் வேண்டியிருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மேலேயே இன்னொரு கப்பல் சுத்திக்கிட்டு இருக்கும்ல, அது பக்கத்துல போய் ஏத்திக்கக் கூடாதா?

ஒரு தேங்காயைச் சுற்றி இரண்டு கயிறு கட்டுங்கள். ஒன்றை நேராக, ஒன்றைச் சாய்வாக. இரண்டும் இரண்டு இடத்தில் வெட்டிக்கொள்ளும். அந்தக் கயிறுகளில் ஓடும் எறும்புகள்தான் கப்பல்கள். வெட்டும் இடத்தில் ஒன்றை ஒன்று பார்க்கும், ஆனால் நொடிக்கு சுமார் 7.7 கிலோமீட்டர் வேகத்தில் வெவ்வேறு பக்கம் பாய்ந்துகொண்டிருக்கும். மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு ஒன்பது வினாடிக்குள் போகிற வேகம் அது. ஒரு கயிற்றிலிருந்து மற்ற கயிற்றுக்குத் தாவுவதென்றால் அந்த வேகத்தின் திசையையே திருப்ப வேண்டும்.

கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு திரும்பும்போது சிதறிப்போன கொலம்பியா விண்வெளி ஓடம் 2003இல் 39 பாகை சாய்வில் சுற்றியது. சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுவது 51.6 பாகையில். வித்தியாசம் 12.6 பாகை. கணக்குப் போட்டுப் பார்த்தால் திருப்ப நொடிக்கு சுமார் 1.7 கிலோமீட்டர் வேகமாற்றம் வேண்டும். ஓடத்தின் பொறிகள் முழுத் தொட்டி எரிபொருளிலும் தரக்கூடியது நொடிக்கு 0.3 கிலோமீட்டர் போலத்தான். 'நிலையத்துக்குப் போயிருக்கலாமே' என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். அதோடு, அந்தப் பயணத்தில் கொலம்பியாவில் இணைப்பு வாசலும் கிடையாது.

அப்போ கல்பனா சாவ்லாவைக் காப்பாத்தியிருக்க முடியுமா முடியாதா? சுத்தி வளைக்காமச் சொல்லுங்க.

சரியான நேரத்தில் தெரிந்திருந்தால், முயன்றிருக்கலாம். இது என் ஊகம் இல்லை. விபத்தை ஆராய்ந்த குழு கேட்டுக்கொண்டதால் நாசாவே உட்கார்ந்து நாள்வாரியாகக் கணக்குப் போட்டது. கடினம், ஆனால் செய்யக்கூடியது என்ற முடிவுக்குத்தான் வந்தார்கள். 2003 ஆகஸ்டில் வந்த விசாரணை அறிக்கையில் அது இருக்கிறது.

கொலம்பியா கிளம்பியது ஜனவரி 16. சுமார் 82 வினாடியில் வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து முக்கால் கிலோ எடையுள்ள நுரைத்துண்டு பிய்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் அடித்தது. மறுநாளே காணொளியில் பார்த்துவிட்டார்கள். சில பொறியாளர்கள், உளவுச் செயற்கைக்கோளை வைத்து இறக்கையைப் படம் எடுக்கக் கேட்டார்கள். நாசாவின் மேலதிகாரிகள் அதை நிறுத்திவிட்டார்கள். ஜனவரி 23 அன்று கமாண்டர் ரிக் ஹஸ்பண்டுக்கு ஒரு மின்னஞ்சல் போனது: இப்படி அடிபட்டிருக்கிறது, ஆனால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று. கப்பலின் கமாண்டருக்குத் தன் ஆட்களுக்காக எதையும் பணயம் வைக்க வாய்ப்பே தரப்படவில்லை. ஆபத்து இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

இனி அந்தக் கணக்கு. மேலே ஏழு பேர். அவர்கள் விடும் கரியமில வாயுவை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு டப்பாக்கள்தான் கெடு. சோதனைகளையெல்லாம் நிறுத்திவிட்டு, அசையாமல் படுத்து, சிக்கனமாக இருந்தால் பிப்ரவரி 15 வரை தாங்கும். கீழே அட்லாண்டிஸ் ஓடம் மார்ச் 1 பயணத்துக்காகத் தயாராகிக்கொண்டிருந்தது. ராத்திரி பகலாக மூன்று ஷிப்டு வேலை பார்த்தால் பிப்ரவரி 10 வாக்கில் ஏவியிருக்கலாம். நாலே நாலு பேர் போவார்கள். கொலம்பியாவுக்குச் சுமார் ஆறு மீட்டர் பக்கத்தில், இரண்டு ஓடங்களின் சரக்குக் கூடமும் ஒன்றையொன்று பார்க்க, அட்லாண்டிஸை எட்டு ஒன்பது மணி நேரம் கையால் பிடித்து நிறுத்த வேண்டும். ஒரு கமாண்டரும் ஒரு விமானியும் மாறி மாறி. அதற்குள் விண்வெளி உடையை அங்கும் இங்கும் கொண்டுபோய், ஏழு பேரையும் இரண்டிரண்டு பேராக வெளி வழியாகக் கடத்த வேண்டும். கடைசியாக நிற்கும் இருவருக்கு உடை மாட்டிவிட உள்ளே மூன்றாவது ஆள் இருக்காது. பிறகு பதினோரு பேரும் அட்லாண்டிஸில் இறங்குவார்கள். கொலம்பியாவைத் தென் பசிபிக்கில் விழவைப்பார்கள்.

எல்லாம் முதல் சில நாட்களுக்குள் ஆபத்து தெரிந்திருந்தால்தான். ஒவ்வொரு நாள் தாமதமும் அந்த ஐந்து நாள் இடைவெளியைத் தின்றுவிடும். கொலம்பியாவில் இருப்பவர்களே இறக்கை ஓட்டையில் கையில் கிடைத்த உலோகத் துண்டுகளைத் திணித்து, தண்ணீர்ப் பையை வைத்து உறையவிட்டு அடைப்பது என்று இன்னொரு வழியையும் நாசாவின் அந்தக் கணக்கில் யோசித்திருக்கிறார்கள். அதில் நம்பிக்கை மிகக் குறைவு.

காப்பாத்தப் போற நாலு பேரும் அதே மாதிரி செத்திருந்தா என்ன பண்றது?

இதை யாரும் கேட்பதில்லை. ஒரே ஒரு அம்மா கேட்டார். அவருடைய மகன் கப்பற்படையில் இருக்கிறாராம். சரியான கேள்வி. நுரை ஏன் பிய்ந்தது என்று தெரியாமலே, அதே மாதிரித் தொட்டியோடு அட்லாண்டிஸை ஏவ வேண்டியிருந்திருக்கும். 2002 அக்டோபரில், அதே அட்லாண்டிஸ் பறந்தபோதுதான், தொட்டியின் அதே இடத்திலிருந்து நுரை பிய்ந்து பக்கவாட்டு ராக்கெட்டில் அடித்திருந்தது. ஏழு பேரை மீட்கப் போய்ப் பதினோரு பேரை இழக்கும் வாய்ப்பு கண்முன்னே இருந்திருக்கும்.

அப்படியும் போக ஆள் கிடைத்திருப்பார்களா? கிடைத்திருப்பார்கள், வரிசையில் நின்றிருப்பார்கள் என்றுதான் நம்புகிறேன். அனுப்புவதா என்று கையெழுத்துப் போட வேண்டியவரின் நிலைதான் எனக்கு நடுக்கமாக இருக்கிறது.

கொலம்பியா விபத்துக்குப் பிறகு நாசா ஓடங்களுக்கும் முன்கூட்டியே மீட்புக் கப்பலை யோசிக்க ஆரம்பித்தது. 2009 மே மாதம் அட்லாண்டிஸ் ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கப் போனது. ஹப்பிளின் கயிறும் வேறு (தேங்காயை நினைத்துக்கொள்ளுங்கள்), நிலையத்தில் தஞ்சம் புக முடியாது. அதனால் பக்கத்து ஏவுதளத்தில் எண்டெவர் ஓடத்தை நிறுத்திவைத்தார்கள். கிறிஸ் ஃபெர்குசன் தலைமையில் நாலு பேர் தயார். தேவைப்படவில்லை. 2011 ஜூலையில் கடைசி ஓடம் பறந்தபோது மீட்க வேறு ஓடமே மிச்சமில்லை. அதனால் நாலு பேரை மட்டும் அனுப்பினார்கள், ஏதாவது ஆனால் ஒவ்வொருவராகச் சோயுஸில் வர இருக்கை உறையும் வார்த்துவைத்தார்கள். அதற்கும் கமாண்டர் அதே ஃபெர்குசன்.

ஆளே இல்லாம காலிக் கப்பல அனுப்பிக் காப்பாத்தக் கூடாதா? யாரும் சாக வேண்டாமே?

அப்படித்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். 1979 ஏப்ரலில் சோயுஸ் 33இன் முதன்மைப் பொறி பழுதாகி, ருக்காவிஷ்னிகோவும் பல்கேரியாவின் கியோர்கி இவானோவும் சோவியத்தின் சல்யூட் 6 நிலையத்தில் சேராமலே கல் விழுவது போல விழுந்து தப்பினார்கள். நிலையத்தில் இருந்த லியாகோவ், ரியூமின் இருவருடைய கப்பலிலும் அதே வகைப் பொறி. நம்பலாமா? ஜூனில் பொறியைத் திருத்திய சோயுஸ் 34ஐ ஆளில்லாமல் அனுப்பினார்கள். பழையது காலியாக இறங்கியது. இருவரும் ஆகஸ்டில், 175 நாள் முடித்துப் புதியதில் வந்தார்கள்.

ரூபியோவின் கதை முடிந்ததும் இதே வழியில்தான்: 2023 பிப்ரவரியில் எம்எஸ்-23 காலியாகப் போனது, ஓட்டைக் கப்பல் மார்ச்சில் காலியாக வந்தது. ஆறு மாதத்துக்குப் போன மூவரும் 371 நாள் இருந்தார்கள். 2025 நவம்பரில் சீனாவின் முறை. ஷென்சௌ-20 கப்பலின் ஜன்னலில் விரிசல் தெரிந்தது, விண்குப்பை அடித்திருக்கும் என்றார்கள். அந்த மூவரும் புதிதாக வந்தவர்களின் ஷென்சௌ-21இல் ஏறி இறங்கிவிட, புதியவர்கள் கொஞ்ச நாள் கப்பலே இல்லாமல் இருந்தார்கள். நவம்பர் 25 அன்று ஷென்சௌ-22 ஆளில்லாமல் போய்ச் சேர்ந்தது. ஒரு ராக்கெட்டைத் தயாராக வைத்திருப்பது அவர்கள் வழக்கம், அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் முடிந்தது.

எதிர்ல இருக்கிற கப்பல்ல கரண்டே இல்ல, பதிலே வரல. அப்போ எப்படிப் போய் ஒட்டுறது?

காலிக் கப்பல் இங்கே உதவாது. கையாலே ஓட்ட ஆள் வேண்டும். மனிதரை மீட்ட கதை இல்லை என்றாலும் ஒன்று நடந்திருக்கிறது. 1985 பிப்ரவரியில் சல்யூட் 7 நிலையம் பேச்சை நிறுத்திவிட்டது. உள்ளே யாரும் இல்லை. ஜூனில் விளாதிமிர் ஜானிபெகோவும் விக்டர் சவினிக்கும் சோயுஸ் டி-13இல் போனார்கள். தரை ரேடார் சொன்ன வழியில் நெருங்கி, கையில் பிடித்த லேசர் கருவியால் தூரம் அளந்து, ஜானிபெகோவ் கையாலேயே கொண்டுபோய் ஒட்டினார். உள்ளே எல்லாம் உறைந்து கிடந்தது, தண்ணீர் உள்பட. கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வேலை பார்த்து நிலையத்தை உயிர்ப்பித்தார்கள். மேற்சொன்ன அட்லாண்டிஸ் கணக்கில் ஆறு மீட்டர் தூரத்தில் கையால் நிறுத்துவது என்று வருகிறதே, அது வெறும் காகிதக் கற்பனை இல்லை என்பதற்கு இதைச் சொல்வேன்.

ஒரு நாட்டுக்காரங்கள இன்னொரு நாடு காப்பாத்தியே ஆகணும்னு சட்டம் இருக்கா?

பாதி இருக்கிறது. 1967 விண்வெளி ஒப்பந்தம், விண்வெளி வீரர்கள் மனிதகுலத்தின் தூதர்கள் என்றும், மேலே இருக்கும்போது ஒருவருக்கொருவர் முடிந்த உதவியெல்லாம் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. 1968 மீட்பு ஒப்பந்தம் இன்னும் விரிவு. இந்தியாவும் அதில் உண்டு. ஆனால் அது முக்கியமாகப் பேசுவது தவறிப்போய் வேறு நாட்டிலோ நடுக்கடலிலோ இறங்கியவர்களைப் பற்றி. சுற்றுப்பாதையில் சிக்கியவருக்காக ராக்கெட் ஏவியே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை. செலவு விஷயம் வேடிக்கை: விழுந்த கலத்தை மீட்ட செலவை அனுப்பிய நாடு தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது, ஆளை மீட்ட செலவைப் பற்றிப் பேச்சே இல்லை.

சட்டத்தைவிடப் பெரிய தடை வாசல். உங்கள் கப்பலின் வாசல் என் கப்பலின் வாசலோடு பொருந்தாவிட்டால் நல்லெண்ணத்தை வைத்து என்ன செய்வது? 1975 ஜூலையில் அமெரிக்காவின் அப்பல்லோவும் சோவியத்தின் சோயுஸும் மேலே இணைந்து கைகுலுக்கியதை எல்லாரும் அரசியல் நாடகமாகப் பார்க்கிறார்கள். அதற்காக, ஆண் பெண் பேதமில்லாமல் எதுவும் எதோடும் சேரும் இணைப்பு வளையம் ஒன்றைச் சேர்ந்து வடிவமைத்தார்கள். ஒருவரை ஒருவர் மீட்க முடிய வேண்டும் என்பதே அந்தப் பயணத்துக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

நம்ம ககன்யான்ல போறவங்களுக்கு இப்படி ஏதாவது ஆச்சுன்னா?

ககன்யான் திட்டம் மூன்று பேர்வரை, சுமார் 400 கிலோமீட்டர் உயரம், மூன்று நாள். இவ்வளவு குறுகிய பயணத்தில் வெளியிலிருந்து போய் மீட்க நேரம் இருக்காது. கலம் தானே திரும்பிவர வேண்டும். அதனால் கவனமெல்லாம் கிளம்பும் நேரத்தில் தப்பிப்பதில் இருக்கிறது. 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் அதைத்தான் சோதித்தார்கள்: கலம் ராக்கெட்டிலிருந்து பிய்ந்து, வங்கக்கடலில் இறங்கி, கப்பற்படை போய்த் தூக்கிவந்தது. 2025 ஜனவரி 16 அன்று ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்கள் இரண்டு மேலே இணைந்தனவே, அந்தத் திறமை முதிர்ந்தால்தான் இன்னொரு கப்பலை அனுப்பும் பேச்சுக்கே இடம்.

காப்பாத்தப் போறேன்னு ரெடியா நின்னுட்டு, கடைசியில போகாமலே போன கமாண்டர் யாராவது உண்டா?

உண்டு, எனக்கு மிகப் பிடித்தவர்கள். 1973 ஜூலை 28 அன்று ஆலன் பீன் தலைமையில் மூன்று பேர் அமெரிக்காவின் ஸ்கைலேப் நிலையத்துக்குப் போனார்கள். கப்பலின் நாலு த்ரஸ்டர் தொகுதிகளில் ஒன்று போகும்போதே கசிந்தது. சில நாளில் இன்னொன்றும். மிச்சம் இரண்டு. அதையும் நம்ப முடியாவிட்டால் மூவரும் மேலேயே.

மீட்க ஏற்பாடு இருந்தது. அப்பல்லோ கலத்துக்குள் மூன்று இருக்கைக்குக் கீழே இன்னும் இரண்டைப் பொருத்தி ஐந்தாக்கும் உபகரணம் செய்துவைத்திருந்தார்கள். ஸ்கைலேப்பின் பக்கவாட்டில் மீட்புக் கப்பலுக்கென்று இன்னொரு வாசலும் இருந்தது. கமாண்டர் வான்ஸ் பிராண்ட், கூட டான் லிண்ட். இருவரும் போவது, ஐந்து பேராக வருவது. ராக்கெட் ஏவுதளத்துக்கு வந்தது. இருவருமே அதுவரை விண்வெளிக்குப் போனதில்லை.

அதே இருவரிடம் இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார்கள்: மேலே இருக்கும் கப்பல் இரண்டு தொகுதியோடு தானாகவே திரும்ப முடியுமா என்று மாதிரிக் கலத்தில் ஓட்டிப் பாருங்கள். ஓட்டினார்கள். ராத்திரி பகலாக முயன்று, முடியும் என்று நிரூபித்தார்கள். அதற்கான வழிமுறையையும் எழுதிக்கொடுத்தார்கள். மீட்புப் பயணம் ரத்தானது. பீன் குழு செப்டம்பர் 25 அன்று, 59 நாள் முடித்து, தங்கள் கப்பலிலேயே இறங்கியது.

பிராண்ட் 1975இல், மேலே சொன்ன அப்பல்லோ-சோயுஸ் பயணத்தில் பறந்தார். டான் லிண்ட் 1966இல் தேர்வானவர். அவருக்கு முதல் பயணம் கிடைத்தது 1985 ஏப்ரலில்.